நழுவும் சுரம்

பியானோ நேர்மையான கருவி. ஆயினும் பிடிவாதமான கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரம் என விதிக்கப்பட்டிருக்கிறது. கட்டையை அழுத்தினால் உள்ளேயுள்ள சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். அதற்குரிய சுரம் பிறக்கும். பிறந்த சுரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ வளைக்கவோ வாசிப்பவரால் இயலாது. வீணை வாசிப்பவர் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு ஏறிச் செல்வார். வயலின் வாசிப்பவரின் விரல் தந்தியின்மீது ஊர்ந்து செல்லும். நாகசுரக் கலைஞர் மூச்சாலும் உதட்டாலும் சுரத்தை அசைப்பார். பியானோவுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. 88 கட்டைகள், 88 நிலையான சுரங்கள். அவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் அதற்கு நடமாட்டமே இல்லை.

மனிதனின் துயரமோ அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் குடியிருக்கிறது. அழுகின்றவரின் குரல் படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாக இறங்குவதில்லை, வழுக்கி விழுகிறது. அவ்வாறாயின், வழுக்கத் தெரியாத பியானோ எவ்வாறு அழும்? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வாழ்ந்த சில இசைக்கலைஞர்கள் இந்த வினாவுக்கு ஒரு விடை கண்டனர். அவர்கள் கண்ட விடை இரண்டு விரல்களின் ஒரு சிறு அசைவில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதனைக் கற்க முற்படும் ஒருவர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை ஆராய்வது, கல்வியைப் பற்றியே சில உண்மைகளை உணர்த்தும்.

கண்ட்ரி இசை என அமெரிக்கர் அழைக்கும் இசை, அந்நாட்டின் தென்மாநிலங்களில் உழவரும் மலைவாழ் மக்களும் பாடிய பாட்டுகளிலிருந்து வளர்ந்தது. வயலின், பாஞ்சோ, கித்தார் ஆகியவையே அதன் தொடக்கக் கருவிகள். கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறலாம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மீட்டலாம். பியானோவை அவ்வாறு தூக்கிச் செல்ல இயலாது. எனவே அந்த இசைக் குடும்பத்தில் பியானோ பிந்தி வந்து சேர்ந்த விருந்தாளியே ஆகும். வீட்டாரின் பேச்சைப் பழகிக்கொள்ள வேண்டிய கடமை விருந்தாளிக்கு இருந்தது. அந்த வீட்டாரின் பேச்சோ தந்தியின் பேச்சு. வளைந்தும் நழுவியும் செல்லும் பேச்சு. 1927ஆம் ஆண்டில் பிரிஸ்டல் என்னும் ஊரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடிய கார்ட்டர் குடும்பத்தைச் சேர்ந்த மேபெல் கார்ட்டர், கித்தாரில் ஒரு சுரத்தை மீட்டியவுடன் அதே தந்தியில் மற்றொரு விரலைப் பதித்து அடுத்த சுரத்தை எழச் செய்வார். 1954ஆம் ஆண்டில் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில், பட் ஐசக்ஸ் என்பவர் காலால் மிதிகட்டையை அழுத்தி ஸ்டீல் கித்தாரின் சுரங்களை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே உயர்த்திக் காட்டினார். ஒரு சுரம் அசையாது நிற்க, மற்றொரு சுரம் அதனை நோக்கி ஏறிச் செல்லும் அந்த ஒலி, கேட்டவர் நெஞ்சைப் பிசைந்தது. அதன்பின் அந்த ஏக்க ஒலி கண்ட்ரி இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஜிம் ரீவ்ஸ் என்னும் பாடகரின் பெயர் இந்தியாவிலும் இலங்கையிலும் நம் பகுதியிலும் மூத்த தலைமுறையினர் பலருக்கு நன்கு அறிமுகமான பெயர். 1959ஆம் ஆண்டில் பதிவான 'ஹீல் ஹேவ் டு கோ' என்னும் அவருடைய பாட்டை வானொலியில் கேட்டு உருகியோர் பலர். அந்த ஆழ்ந்த குரலுக்குப் பின்னால், குரலை எவ்விடத்தும் மறைக்காமல், ஒரு பியானோ மெல்ல ஒலிக்கும். அதனை வாசித்தவர் பிளாய்ட் கிரேமர். பாடகரின் பெயரை அறிந்த இலட்சக்கணக்கானோருள் இவர் பெயரை அறிந்தவர் சிலரே. பின்னணியில் வாசிப்போரின் விதி அது.

கிரேமர் 1933ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் பிறந்தவர். ஆர்கன்சா மாநிலத்தில் ஹட்டிக் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். பியானோவைத் தாமாகவே, செவிவழியாகக் கற்றார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஷ்ரீவ்போர்ட்டுக்குத் திரும்பி வானொலி நிகழ்ச்சியில் வாசித்தார். 1955ஆம் ஆண்டில் நாஷ்வில்லில் குடியேறினார். 1956ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எல்விஸ் பிரெஸ்லி 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாட்டைப் பதிவு செய்தபோது பியானோவின் முன் அமர்ந்திருந்தவர் இவரே. ஆகவே 1960ஆம் ஆண்டு பிறந்தபோது, 26 வயதினரான கிரேமர் தேர்ந்த கலைஞர். கற்க வேண்டியவற்றைக் கற்று முடித்தவர் என்று எவரும் எண்ணத்தக்க நிலையில் இருந்தவர்.

அவ்வாண்டில்தான் அவர் மீண்டும் மாணவரானார். டான் ராபர்ட்சன் என்னும் பாடலாசிரியர், ஹால் பிளேர் என்பவருடன் சேர்ந்து 'பிளீஸ் ஹெல்ப் மீ, ஐம் ஃபாலிங்' என்னும் பாட்டை இயற்றி, அதன் மாதிரிப் பதிவைத் தாமே பியானோ வாசித்துப் பாடி அனுப்பியிருந்தார். அந்தப் பதிவில் பியானோவின் சுரங்கள் புதுமையான முறையில் நழுவின. ஒரு சுரத்தைத் தொட்டும் தொடாமலும் அடுத்த சுரத்தில் போய் விழுந்தன. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் நாஷ்வில் பதிவுகளுக்குப் பொறுப்பேற்றிருந்த செட் அட்கின்ஸ், தாமே பெரும் கித்தார் கலைஞர். அவருடைய செவி அதனை உடனே பிடித்துக்கொண்டது. ஹேங்க் லாக்லின் பாடவிருந்த பதிவில் அதேபோன்று வாசிக்க வேண்டும் என்று கிரேமரிடம் கேட்டுக்கொண்டார். கிரேமர் மாதிரிப் பதிவைக் கேட்டார்; குறுகிய அவகாசத்தில் அந்த நழுவலைத் தம் விரல்களுக்குப் பழக்கினார். லாக்லின் பாடிய அந்த இசைத்தட்டு அவ்வாண்டில் கண்ட்ரி பாடல் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது.

அதே ஆண்டில் கிரேமர் அம்முறையிலேயே தாம் இயற்றிய 'லாஸ்ட் டேட்' என்னும் வாத்திய இசையை வெளியிட்டார். குரலின்றிப் பியானோ மட்டுமே தலைமை தாங்கும் அந்த இசை பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட தட்டுகள் விற்றதுடன், அமெரிக்கப் பொதுப்பாடல் வரிசையில் இரண்டாம் இடத்திற்கும் உயர்ந்தது. அதனை முதலிடத்திற்குச் செல்லவிடாமல் தடுத்தது எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு. எந்த எல்விஸுக்காகக் கிரேமர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பலமுறை பியானோ வாசித்தாரோ அதே எல்விஸ். கிரேமர் அதன்பின் இம்முறையின் உருவமாகவே அறியப்பட்டார். நழுவு சுர முறை என்றால் கிரேமர், கிரேமர் என்றால் நழுவு சுர முறை என்று ஆயிற்று.

அந்த அசைவுதான் யாது? இங்கே சற்று நின்று நிதானமாகக் காண்பது நலம். மேலைநாட்டார் 'சி' என அழைக்கும் கட்டையை ச எனக் கொள்க. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் கிடைப்பது, நாம் சங்கராபரணம் என அறிந்த சுரவரிசையே. வலக்கையின் சுட்டுவிரல் ரி என்னும் கட்டையின்மீதும், நடுவிரல் க-வின்மீதும், சுண்டுவிரல் ப-வின்மீதும் இருக்கட்டும். முதலில் ரி, ப இரண்டையும் ஒன்றாகத் தட்ட வேண்டும். தட்டிய கணத்திலேயே ரி-யைக் கைவிட்டுக் க-வை அழுத்த வேண்டும். ப மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒரு சுரம் அசையாது நிற்க, கீழே மற்றொரு சுரம் நழுவி ஏறி அதனுடன் இணைகிறது. ஸ்டீல் கித்தாரின் மிதிகட்டை செய்யும் வேலையை இரண்டு விரல்கள் செய்துவிடுகின்றன. உண்மையில் எந்தச் சுரமும் வளையவில்லை. வளைந்ததாகச் செவி நம்புகிறது.

சுரத்தை நழுவச் செய்யும் பழக்கம் பியானோவுக்கு இதற்கு முன்பும் இருந்ததுண்டு. புளூஸ் இசை வாசித்தோர், க-வுக்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையைத் தட்டி, அதே விரலைச் சறுக்கவிட்டு வெள்ளைக் கட்டையில் இறக்குவர். அஃது அரைச்சுரத் தொலைவு. ஒரே விரலுக்கு எளிது. ராபர்ட்சனிடம் கேட்டுக் கிரேமர் பரப்பியதோ முழுச்சுரத் தொலைவு. வெள்ளைக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்குச் சறுக்க இயலாது; இரண்டாம் விரல் வந்தே ஆக வேண்டும். அரைச்சுர நழுவலில் ஒரு குறும்பு உண்டு. முழுச்சுர நழுவலில் தனிமை உண்டு. பரந்த வெளியில் ஒருவன் தனியே நிற்பது போன்ற உணர்வு உண்டு. குறிதவறிப் பக்கத்துக் கட்டையில் விரல் பட்டுவிட்டதைப் போன்றதே இந்த வாசிப்பு என்னும் பொருள்படக் கிரேமரே விளக்கியிருக்கிறார். தவறு போலத் தோன்றுவதை வேண்டுமென்றே, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் செய்வது! பிழையைத் திருத்துவதே கல்வி எனப் பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கும்.

இத்தகைய சிறு இசைத்துணுக்கைக் கலைஞர்கள் 'லிக்' என்பர். அது முழுப்பாட்டு அன்று. பாட்டின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே வைக்கத்தக்க ஒரு சொற்றொடர். பேச்சில் வழங்கும் மரபுத்தொடர்களை இதற்கு ஒப்பிடலாம். மரபுத்தொடரை அகராதியில் படித்துப் பொருள் அறிந்துவிடலாம். ஆனால் எங்கே, எந்தத் தொனியில், யாரிடம் பயன்படுத்துவது என்பதை அம்மொழி பேசுவோரிடம் பழகித்தான் அறிய வேண்டும். லிக்குகளும் அத்தகையவையே.

இசைக்குறிப்புத் தாளில் இந்த நழுவலை எழுதிவிடலாம். பெரிய சுரத்தின் முன் ஒரு சிறிய சுரத்தை வரைந்து, இரண்டையும் ஒரு வளைகோட்டால் இணைத்தால் போதும். அதனைப் பார்த்து வாசிக்கும் மாணவர் பிழையின்றி வாசிப்பார். ஆனால் நாஷ்வில்லின் ஒலி பிறக்காது. சிறிய சுரம் எவ்வளவு நேரம் உயிர்வாழ வேண்டும், தாளத்தின்மேல் விழ வேண்டுமா, அதற்கு ஒரு மயிரிழை முன்னதாக விழ வேண்டுமா, எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் தாள் சொல்வதில்லை. மிக விரைந்து நழுவினால் இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்திய பிழையாகக் கேட்கும். மிக மெதுவாக நழுவினால் அது தனிச் சுரமாகிவிடும். ஏக்கம் போய்ப் பாடப்பயிற்சி மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய வாயிலைச் செவி ஒன்றே காட்டும்.

அயல்நாட்டுத் தேர்வு வாரியங்கள் நடத்தும் பியானோத் தேர்வுகளில் நிலை நிலையாகத் தேறிச் சான்றிதழ் பெற்ற பிள்ளைகள் நம் நகரங்களில் பலர் உளர். அவர்களுள் ஒருவரிடம் தாள் எதையும் கொடுக்காமல், வானொலியில் ஒலிக்கும் எளிய பாட்டு ஒன்றை வாசிக்கச் சொன்னால், விரல்கள் கட்டைகளின்மேல் திகைத்து நிற்பதைக் காணலாம். திறமைக் குறைவு அன்று அது. கண்ணுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தோம். செவிக்கு விடுமுறை கொடுத்துவிட்டோம். அத்தகைய ஒருவர் கண்ட்ரி லிக் ஒன்றைக் கற்க அமரும்போது, எட்டாண்டுப் படிப்பாளி முதல் வகுப்பு மாணவராகிறார். அந்த நாணத்தைத் தாங்கிக்கொள்பவரே மேலே செல்கிறார்.

அவர் செய்ய வேண்டியது மிகப் பழைய வேலை. கேட்க வேண்டும், மீண்டும் கேட்க வேண்டும், வாயால் பாடிப் பார்க்க வேண்டும், பிறகே கட்டையைத் தொட வேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் இதற்கு ஓர் உபாயம் இருந்தது. நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டிய தட்டைச் சில கருவிகளில் 16⅔ சுற்றில் ஓடவிடலாம். வேகம் சரிபாதியாகும், சுரங்கள் யாவும் ஒரு தாயி கீழே இறங்கும், ஆனால் சுரப்பெயர் மாறாது. விரைந்து ஓடிய நழுவல் அப்போது மெல்ல நடந்து காட்டும். இன்று சுருதி மாறாமலேயே வேகத்தைக் குறைக்கும் கணினி வசதிகள் வந்துவிட்டன. வசதி பெருகியிருக்கிறது, கேட்கும் பொறுமையை எந்தக் கருவியும் தயாரித்துத் தருவதில்லை.

முதல் வாரத்தில் ரி-யும் க-வும் சண்டையிடும். சுட்டுவிரல் புறப்பட மறுக்கும், நடுவிரல் அவசரப்படும், சுண்டுவிரலோ இவ்விருவரின் கலவரத்தில் தன் வேலையை மறந்து ப-வை விட்டுவிடும். ப நின்றுவிட்டால் யாவும் பாழ். நிலைத்து நிற்கும் ஒன்று இருந்தால்தானே நழுவுவது நழுவலாகத் தெரியும்? மிதிகட்டையை அழுத்திச் சுரங்களை நீளவிட்டுக் குறையை மறைக்கலாம் என்று சிலர் எண்ணுவர். அப்போது ரி-யும் க-வும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கல் நீராகிவிடும். ஆகவே தொடக்கத்தில் காலை ஒதுக்கி வைத்து, விரலை மட்டும் நம்பிப் பழகுவதே நன்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. இங்கே நகர வேண்டியது அம்மியன்று. விரல்களின் நெடுநாள் பழக்கம்.

கைவந்த பிறகு ஓர் இனிய வியப்பு காத்திருக்கிறது. கண்ட்ரி பாட்டுகளுள் பெரும்பாலானவை மூன்றே கார்டுகளில் அமைகின்றன. கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு. ச-வை அடியாகக் கொண்ட கூட்டுக்கு, ப நிற்க, ரி நழுவிக் க ஆகும். ம-வை அடியாகக் கொண்ட கூட்டுக்கு, மேல் ச நிற்க, ப நழுவித் த ஆகும். ப-வை அடியாகக் கொண்ட கூட்டுக்கு, மேல் ரி நிற்க, த நழுவி நி ஆகும். கை ஒரே வடிவில் இருக்கிறது. இடம் மட்டும் மாறுகிறது. இடக்கை கீழே ஒவ்வொரு கூட்டின் அடிச்சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மாற்றி மாற்றி மெல்ல வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஓர் அசைவைச் செம்மையாகக் கற்றவர் மூன்று இடங்களில் பேசத் தொடங்கிவிடுகிறார். பத்து அசைவுகளை அரைகுறையாகக் கற்றவர் ஓரிடத்திலும் பேச இயலாமல் நிற்கிறார்.

ஆயினும் நாஷ்வில் கலைஞர் அத்துடன் ஓய்வதில்லை. பாடகர் வந்து, தொண்டை இன்று சரியில்லை, சுருதியைச் சற்று இறக்குங்கள் என்பார். வெள்ளைக் கட்டைகளில் மட்டும் பழகிய விரல்கள் அப்போது கறுப்புக் கட்டைகளுக்கு இடையே வழி தேட வேண்டும். இத்தொல்லைக்கு அவ்வூரார் எளிய முறை ஒன்றைக் கண்டனர். ஜோர்டனேர்ஸ் என்னும் குழுவில் பாடிய நீல் மேத்யூஸ் என்பவர் 1950களின் பிற்பகுதியில், கார்டுகளை எழுத்துப் பெயரால் குறிக்காமல் 1, 4, 5 என எண்களால் குறிக்கும் முறையை வகுத்தார். சார்லி மெக்காய் முதலான கலைஞர்கள் அதனை வளர்த்தனர். எண் மாறாது; சுருதியை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ச எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே ஏனைய சுரங்களை எண்ணும் நம் இசையில் பழகியவருக்கு இஃது அயலாகத் தோன்றாது. மூன்று மணி நேரம் கொண்ட ஒரு பதிவு அமர்வில் நான்கு பாட்டுகள் வரை பதிவு செய்வது அங்கு வழக்கமாக இருந்தது. அத்தகைய விரைவில் தாள் புரட்ட நேரம் ஏது? சில எண்கள், கூர்ந்த செவி, பழகிய விரல் ஆகிய இம்மூன்றே முதலீடு.

செவியின் வலிமைக்கு ஹார்கஸ் ராபின்ஸைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. டென்னசியில் 1938ஆம் ஆண்டு பிறந்த அவர், குழந்தைப் பருவத்தில் கத்தியால் நேர்ந்த விபத்தொன்றைத் தொடர்ந்து பார்வையை இழந்தார். நாஷ்வில்லில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் மேலை மரபிசைப் பியானோ பயின்றார். வாசிக்க அனுமதியில்லாத வேளைகளில் தீயணைப்புப் படிக்கட்டு வழியாக இரகசியமாகப் புகுந்து வாசிப்பாராம். அந்தப் படிக்கட்டின் அழுக்கெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொள்ள, மேற்பார்வையாளர் ஒருவர் பன்றி என்று பெயரிட்டார். அந்தப் பட்டப்பெயர் அவர் வாழ்நாள் முழுதும் உடன்வந்தது; புகழ்பெற்ற இசைத்தட்டுகளின் உறைகளிலும் 'பிக்' ராபின்ஸ் என்றே அச்சாயிற்று. 1959ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'வைட் லைட்னிங்' பாட்டுக்கு அவர் வாசித்தது அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தது; 1966ஆம் ஆண்டில் வெளிவந்த பாப் டிலனின் தொகுப்பிலும் அவர் பியானோ ஒலிக்கிறது. 2012ஆம் ஆண்டில் கண்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 2022ஆம் ஆண்டில் மறைந்தார். கற்க வேண்டும் என்னும் வேட்கை ஒரு சிறுவனை அழுக்குப் படிக்கட்டில் ஏறச் செய்தது. கதவைப் பூட்டியவர்கள் கடமையைத்தான் செய்தார்கள். எனினும் பள்ளிகளை நடத்துவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கும்போது மனம் சற்று உறுத்தவே செய்யும்.

லிக்குகளைக் கற்றவருக்கு வரும் பெரிய சோதனை, கற்றதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்னும் ஆசை. நழுவல் கைவந்த புதிதில், ஒவ்வோர் அடியிலும் நழுவத் தோன்றும். பாடுபவர் வாய் திறக்கும்போதும் நழுவத் தோன்றும். அப்போது பாட்டு கெடும். பாடுபவரின் பொறுமையும் கெடும். 1961ஆம் ஆண்டில் பேட்சி கிளைன் 'கிரேசி' என்னும் பாட்டைப் பதிவு செய்தபோது பியானோ வாசித்தவரும் கிரேமரே. அப்பாட்டைக் கூர்ந்து கேட்பவர் ஒன்றை உணர்வர். குரல் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் பியானோ வருகிறது. ஒரு சொல் சொல்கிறது. குரல் திரும்பும் முன் விலகிவிடுகிறது. அந்த அவையடக்கமும் அந்த லிக்கின் ஒரு பகுதியே. வாசிக்கும் சுரங்களை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். வாசிக்காமல் விட வேண்டிய இடங்களைக் கற்க ஆண்டுகள் ஆகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வினா கிடக்கிறது. அந்த நழுவல் யாருடையது? மாதிரிப் பதிவில் முதலில் வாசித்துக் காட்டியவர் ராபர்ட்சன். கேட்டுக் கற்று உலகெங்கும் பரப்பியவர் கிரேமர். கித்தார் தந்தியில் அவர்களுக்கு முன்னரே அதனைச் செய்து வந்தவர்களுள் மேபெல் கார்ட்டர் ஒருவர். உலகம் கிரேமரின் பெயரை ஒட்டிவிட்டது. ராபர்ட்சனுக்குப் பாடலாசிரியர் என்னும் பெருமை நிலைத்தது. ஆனால் அந்த விரலசைவைக் கேட்பவருள் அவர் பெயரை நினைப்பவர் சிலரே. இது நீதியா?

ராபர்ட்சன் 1922ஆம் ஆண்டில் சீனத்தின் பீக்கிங் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்னும் மருத்துவர், அந்நகர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். முதல் உலகப்போரின்போது, கொடையாகப் பெற்ற குருதியைக் கெடாமல் சேமித்து வைத்துக் காயமுற்ற வீரர்களுக்குச் செலுத்தும் வழியை நடைமுறைப்படுத்தியவர்களுள் முன்னோடி. ஒருவர் கொடுத்த குருதி மற்றொருவர் உடலில் ஓடத் தொடங்கியபின், அது யாருடைய குருதி என்று கேட்பதில் பொருளில்லை. அஃது ஓடுகிறது, உயிர் பிழைத்திருக்கிறது. எனினும் பிழைத்தவருக்குக் கொடுத்தவரை நினைக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை.

பார்த்தெழுதுவது தவறு என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். தேர்வு மண்டபத்தில் அது தவறுதான். ஆனால் உலகில் எந்தக் கலையும் பார்த்தொழுகாமல், கேட்டொழுகாமல் வளர்ந்ததில்லை. குழந்தை தாயின் வாயைப் பார்த்தே பேசக் கற்கிறது. குருவின் முன் அமர்ந்த சீடன் அவர் பாடியதையே திருப்பிப் பாடுகிறான். தேர்ந்த கலைஞரான கிரேமர், மற்றொருவரின் மாதிரிப் பதிவின் முன் செவிசாய்த்து அமர்ந்தாரே, அந்தப் பணிவு இழிவன்று; அவருடைய புகழுக்கு அதுவே வாயில். பிறரிடமிருந்து பெற்றதைத் தானே படைத்ததாகச் சொல்லிக்கொள்வதே இழிவு. பெறுதல் வேறு, திருடுதல் வேறு. பெற்றவர் கடன் என்பதை மறக்காதிருந்தால் அது பெறுதல், மறைத்தால் திருட்டு.

கிரேமர் 1997ஆம் ஆண்டின் கடைசி நாளில் காலமானார். 2003ஆம் ஆண்டில் கண்ட்ரி இசைப் புகழ்மன்றம் அவர் பெயரைப் பொறித்தது. ராபர்ட்சன் 2015ஆம் ஆண்டில் மறைந்தார். 1957ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, எத்தனையோ பாட்டுகள் பதிவான ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 'ஸ்டூடியோ பி' இன்று மக்கள் சென்று பார்க்கும் நினைவிடமாக இருக்கிறது. பாடியோரும் வாசித்தோரும் போய்விட்டனர். ஆனால் உலகின் ஏதோ ஒரு வீட்டில், மாலைப்பொழுதில், ஒருவர் பியானோவின் முன் அமர்ந்து ரி-யையும் ப-வையும் ஒன்றாகத் தட்டுகிறார். சுட்டுவிரல் விலகுகிறது, நடுவிரல் இறங்குகிறது, சுண்டுவிரல் இம்முறை விடாமல் நிற்கிறது. பல வாரங்கள் பிணங்கியிருந்த அந்த ஒலி ஒருநாள் தானே வந்து கைகூடுகிறது. பக்கத்து அறையில் இருப்பவர் வேலையை நிறுத்திவிட்டு, அது என்ன பாட்டு என்று கேட்கிறார்.

அப்போது, இது நான் வாசித்தது என்று மட்டும் அவர் சொல்லாமல், இது கிரேமர் வாசித்தது, அவருக்கு ராபர்ட்சன் காட்டியது என்றும் சேர்த்துச் சொல்வாராயின், அவர் லிக்கை மட்டும் கற்றவர் அல்லர். கற்றல் என்பதையே கற்றவர் ஆவார்.